யுனிவர்சிட்டி, காலேஜ் ஆபீஸ் ரெக்கார்டுகளைப் பத்திரமா வைக்கிறது எப்படி

யுனிவர்சிட்டி ரெக்கார்டுகளை பாதுகாக்கணும்னு பேச்சு எடுத்த உடனே எந்த ஸ்கேனர் வாங்கலாம், எந்த சாஃப்ட்வேர் போடலாம்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. அதெல்லாம் நாலாவது அஞ்சாவது கேள்வி. முதல் கேள்வி என்னன்னா, இந்த ரெக்கார்டோட அசல் எங்க இருக்கணும், யுனிவர்சிட்டியிலயா காலேஜ்லயா, அங்க எந்த செக்ஷன்ல, அதுக்கு யார் பொறுப்பு. இதை எழுத்துல முடிவு பண்ணாத இடத்துலதான் ரெக்கார்டு காணாம போகுது. கரையான் தின்னதையும் தண்ணியில போனதையும் விட, "அவங்ககிட்ட இருக்கும்"னு ரெண்டு பக்கமும் நினைச்சுக்கிட்டு இருந்ததால போனதைத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன்.

இது ஏன் இவ்வளவு சிக்கல்னா, ஒரே விஷயத்துக்கு ரெண்டு இடத்துலயும் பேப்பர் உருவாகுது. ஒரு ஸ்டூடண்ட்டை எடுத்துக்கோங்க. அப்ளிகேஷனும் அட்மிஷன் ரிஜிஸ்டரும் காலேஜ்ல, ரிஜிஸ்டர் நம்பர் கொடுத்த லிஸ்ட் யுனிவர்சிட்டியில, இன்டர்னல் மார்க் காலேஜ்ல போட்டு யுனிவர்சிட்டிக்கு அனுப்புனது, எக்ஸாம் ரிசல்ட் யுனிவர்சிட்டியில, டிசி காலேஜ்ல, டிகிரி ரிஜிஸ்டர் மறுபடி யுனிவர்சிட்டியில. புதுசா ஒரு கோர்ஸ் ஆரம்பிக்கிறாங்கன்னா அப்ளிகேஷன் காலேஜ்ல எழுதுனது, இன்ஸ்பெக்ஷன் கமிட்டி ரிப்போர்ட் யுனிவர்சிட்டியில, அனுமதி ஆர்டரோட அசல் காலேஜுக்குப் போயிடும், ஆபீஸ் காப்பி யுனிவர்சிட்டி ஃபைல்ல. ஆசிரியர் நியமனமும் இப்படித்தான், பணி விவரம் எழுதுற சர்வீஸ் ரிஜிஸ்டர் ஒரு இடம், நியமன ஒப்புதல் இன்னொரு இடம்.

அதனால ஒரு பெரிய தாள் எடுத்து, இல்ல ஒரு எக்செல் ஷீட் திறந்து, ஒவ்வொரு வகை ரெக்கார்டுக்கும் ஒரு வரி போடுங்க. அசல் எங்க, நகல் எங்க, நகலை எத்தனை வருஷம் வச்சா போதும், அசலுக்கு எந்தப் பதவியில இருக்கிறவர் பொறுப்பு. ஆளோட பேரை எழுதாதீங்க, பதவியை எழுதுங்க, ஏன்னா ஆள் மாறுவார். இந்த லிஸ்ட்டை பதிவாளரும் காலேஜ் பிரின்சிபால்களும் உக்காந்து பேசி, யுனிவர்சிட்டியோட நிர்வாகக் குழுவான சிண்டிகேட்லயோ அதுக்கு சமமான குழுவிலயோ தீர்மானமா போட்டுடணும். தீர்மானம் இல்லாம வெறும் சர்குலரா அனுப்புனா அடுத்த பிரின்சிபால் வந்ததும் அது மேஜை டிராயருக்குள்ள போயிடும். இந்த ஒரு வேலையை மட்டும் செஞ்சு வேற எதுவும் செய்யலைன்னாலும் பாதி பாதுகாப்பு வந்துடும்னு நான் உறுதியா சொல்வேன்.

ரொம்ப பழைய யுனிவர்சிட்டிகள்லயும் இதே கதைதான். ஆக்ஸ்ஃபோர்டுல ஆவணங்களைப் பாத்துக்கன்னே ஒரு காப்பாளர் பதவி 1634ல வந்துச்சு, முதல்ல அந்தப் பொறுப்புல இருந்தவர் பிரையன் ட்வைன். அங்க இன்னைக்கும் யுனிவர்சிட்டி ஆவணக் காப்பகம் தனி, ஒவ்வொரு காலேஜுக்கும் ஆவணக் காப்பகம் தனி, எது யாரோடதுன்னு தெளிவா இருக்கிறதாலதான் தேடிப் போறவங்களுக்கு எந்தக் கதவைத் தட்டணும்னு தெரியுது. கேம்பிரிட்ஜ்ல 1381 கலவரத்துல ஊர்க்காரங்க யுனிவர்சிட்டியோட சாசனங்களையும் ஆவணங்களையும் எடுத்துட்டு வந்து சந்தைத் திடல்ல போட்டு எரிச்சாங்க. அந்தப் பேப்பர்லதான் யுனிவர்சிட்டியோட உரிமை இருக்குன்னு எரிச்சவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. முக்கியமானதுக்கு இன்னொரு நகல் இன்னொரு கட்டடத்துல இருக்கணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு இதை விட பழைய காரணம் வேணாம்.

என்ன இருக்குன்னு பாக்குறது

அடுத்தது கணக்கெடுப்பு. ரெக்கார்டு ரூமுக்குள்ள மட்டும் போய் பாத்தா பத்தாது. எக்ஸாம் செக்ஷன் அலமாரி, படிக்கட்டுக்கு அடியில இருக்கிற மூட்டை, ரிட்டயர்டு ஆனவர் பூட்டிட்டுப் போன பீரோ, ஹாஸ்டல் ஆபீஸ், டிபார்ட்மென்ட் ஹெச்ஓடி ரூம், பிசிகல் டைரக்டர் ரூம், இப்படி எல்லா இடத்துலயும் இருக்கும். ஒவ்வொரு ஃபைலா திறந்து படிக்க ஆரம்பிக்காதீங்க, அப்படி ஆரம்பிச்ச கணக்கெடுப்பு எதுவும் முடியாது. வரிசை வரிசையா பாருங்க. "ரிசல்ட் ரிஜிஸ்டர், இந்த வருஷத்துலருந்து இந்த வருஷம் வரை, அலமாரியில இத்தனை மீட்டர் நீளம், நடுவுல இந்த ரெண்டு வருஷம் இல்லை, கீழ் தட்டு ஈரம் பட்டிருக்கு" இவ்வளவு எழுதுனா போதும். விட்டுப்போன வருஷத்தைக் குறிக்கிறது ரொம்ப முக்கியம், ஏன்னா அந்த ஓட்டைதான் வேற எங்கயோ ஒரு பீரோவுல உக்காந்திருக்கும், லிஸ்ட்டு கையில இருந்தா கண்ணுல பட்டதும் பிடிச்சுடலாம்.

கணக்கெடுக்கும்போது எதையும் "ஒழுங்கு" பண்ணாதீங்க. இதை நான் கெஞ்சிக் கேக்குறேன். நல்ல மனசோட வர்ற புது ஆளுங்க பழைய கட்டைப் பிரிச்சு, எல்லா லெட்டரையும் தேதிவாரியா ஒரு கட்டு, எல்லா ஆர்டரையும் ஒரு கட்டுன்னு அழகா அடுக்கிடுவாங்க. அதோட அந்த ஃபைல் செத்துச்சு. ஒரு லெட்டர் எந்த நோட்டுக்குப் பதிலா வந்துச்சு, அந்த நோட்டுல யார் என்ன எழுதுனாங்க, அதுக்கப்புறம் எந்த ஆர்டர் போச்சுங்கிற தொடர்ச்சிதான் ரெக்கார்டு, தனித்தனி தாள் இல்லை. பிரான்ஸ்ல 1841லயே ஒரு அலுவலகத்துல உருவான ஆவணங்களை அந்த அலுவலகத்தோட தொகுப்பாவே சேர்த்து வைக்கணும், இன்னொண்ணோட கலக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் உலகம் முழுக்க ஆவணக் காப்பகங்கள் அந்தக் கொள்கையிலதான் நடக்குது. யுனிவர்சிட்டிக்கு இதோட அர்த்தம், கலைக்கப்பட்ட ஒரு காலேஜோட ஃபைலை யுனிவர்சிட்டி ஃபைலுக்குள்ள செருகாதீங்க, அந்தக் காலேஜ் பேர்லயே தனி வரிசையா வைங்க.

மினிட்ஸ் புத்தகத்தைப் பத்தி, அதாவது கூட்டத்துல எடுத்த தீர்மானங்களை எழுதி வைக்கிற புத்தகத்தைப் பத்தி, தனியா சொல்லணும். செனட், சிண்டிகேட், அகாடமிக் கவுன்சில், போர்டு ஆஃப் ஸ்டடீஸ் மினிட்ஸ் எல்லாம் பைண்டு பண்ணி கையெழுத்தோட எப்படியும் பத்திரமா இருக்கும், ஏன்னா அதோட மதிப்பு எல்லாருக்கும் தெரியும். ஆனா உள்ள திறந்து படிச்சா "இணைப்பு 4-ல் உள்ளவாறு ஏற்றுக்கொள்ளப்பட்டது"ன்னு ஒரு வரிதான் இருக்கும். அந்த இணைப்பு 4லதான் சிலபஸோ கட்டண மாற்றமோ விதித் திருத்தமோ முழுசா இருக்கும், அது கூட்டத்துக்கு முன்னாடி உறுப்பினர்களுக்கு அனுப்புன அஜெண்டா கட்டுல போயிருக்கும், கூட்டம் முடிஞ்சதும் அந்தக் கட்டை எடைக்குப் போட்டிருப்பாங்க. அப்ப தீர்மானம் இருக்கு, என்ன தீர்மானிச்சாங்கன்னு இல்லை. அதனால கணக்கெடுப்புல மினிட்ஸ் பக்கத்துலயே அஜெண்டாவும் இணைப்பும் இருக்கான்னு ஒரு டிக் போடுங்க. இல்லாத வருஷத்துக்கு உறுப்பினரா இருந்த பழைய பேராசிரியர்கள் வீட்டுல கேளுங்க, நிறைய பேர் அந்தக் கட்டை வச்சிருப்பாங்க. கிடைச்சா "இது அலுவலகக் காப்பி இல்லை, உறுப்பினர் கொடுத்தது"ன்னு குறிப்போட வைங்க.

எதை வைக்கிறது, எதை விடுறது

எல்லாத்தையும் வச்சுக்கணும்னு நினைக்கிறவங்க கடைசியில எதையும் காப்பாத்த மாட்டாங்க. இடம் தீர்ந்துடும், அப்புறம் ஒரு நாள் யாராவது அவசரத்துல கண்ணை மூடிக்கிட்டு ஒரு ரூமையே காலி பண்ணுவாங்க. அதனால கால அட்டவணை வேணும். சட்டம், விதிகள், மினிட்ஸ், ரிசல்ட் ரிஜிஸ்டர், டிகிரி ரிஜிஸ்டர், அட்மிஷன் ரிஜிஸ்டர், நிலப் பத்திரம், கட்டட வரைபடம், அறக்கட்டளை சாசனம், காலேஜை யுனிவர்சிட்டியோட சேத்துக்கிட்ட இணைப்பு அனுமதி ஃபைல், ஆண்டறிக்கை, யுனிவர்சிட்டி காலண்டர் புத்தகம் இதெல்லாம் நிரந்தரம். சர்வீஸ் ரிஜிஸ்டர், பென்ஷன் ஃபைல் மாதிரி இருக்கிறது அந்த ஆளோட, அவரோட வாரிசோட உரிமை முடியுற வரைக்கும். வவுச்சர், பில், ஸ்டாக் ரிஜிஸ்டர் எல்லாம் ஆடிட் முடிஞ்சு சட்டம் சொல்ற வருஷம் கழிஞ்ச பிறகு. விடைத்தாள், ஹால் டிக்கெட், லீவ் லெட்டர், வந்துபோன விளம்பரக் கடிதம் இதெல்லாம் குறுகிய காலம். சரியான வருஷக் கணக்கு உங்க நாட்டுச் சட்டத்தையும் உங்க யுனிவர்சிட்டி விதியையும் பொறுத்தது, அதை உங்க சட்ட ஆலோசகரையும் ஆடிட்டரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு நிரப்புங்க. ஐஎஸ்ஓ 15489ன்னு ரெக்கார்டு மேனேஜ்மென்ட்டுக்கே ஒரு தரநிலை இருக்கு, 2001ல வந்து 2016ல திருத்துனது, அது இத்தனை வருஷம்னு சொல்லாது, ஆனா எப்படி யோசிச்சு முடிவு பண்ணணும்னு சொல்லும்.

ஒரு விதி மட்டும் மாத்தவே கூடாது. கோர்ட் கேஸ், ஆடிட் ஆட்சேபணை, விசாரணை, தகவல் கேட்டு வந்த மனு, இதுல ஏதாவது ஒண்ணு நிலுவையில இருந்தா அட்டவணைப்படி காலம் முடிஞ்சிருந்தாலும் அந்த ஃபைலைத் தொடக்கூடாது. அழிக்கிறதா இருந்தா லிஸ்ட் போட்டு, அசலுக்குப் பொறுப்பானவரும் ரெக்கார்டு அலுவலரும் கையெழுத்துப் போட்டு, எதை எந்தத் தேதியில எந்த அதிகாரத்துல அழிச்சோம்னு எழுதி வைங்க. அந்த அழிப்புப் பட்டியல் நிரந்தர ரெக்கார்டு. "இல்லை"ன்னு சொல்றதுக்கும் "இந்தத் தீர்மானத்துப்படி இந்தத் தேதியில அழிச்சாச்சு"ன்னு சொல்றதுக்கும் கோர்ட்டுல நிறைய வித்தியாசம் இருக்கு. ஸ்டூடண்ட் விவரம் இருக்கிற பேப்பரை அப்படியே எடைக்குப் போடாதீங்க, கிழிச்சுத் துண்டாக்கித்தான் வெளிய போகணும்.

பேப்பரை வைக்கிற விதம்

இதுக்கு பெரிய செலவு தேவையில்லை, கவனம்தான் வேணும். ரூம் வெப்பநிலை 20 டிகிரி பக்கத்துல இருந்தா நல்லது, முடியலைன்னா குறைஞ்சபட்சம் ஏறி இறங்காம ஒரே மாதிரி இருக்கட்டும். பகல்ல ஏசி போட்டு ராத்திரி நிறுத்துற ரூம், ஏசியே இல்லாத காத்தோட்டமான ரூமை விட மோசம், ஏன்னா ஒவ்வொரு ராத்திரியும் ஈரப்பதம் ஏறும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல கொஞ்ச நாள் நின்னா பூஞ்சை வந்துடும், ஒரு சின்ன மீட்டர் வாங்கி மாட்டி தினமும் எழுதுங்க. பாத்ரூமுக்குக் கீழ இருக்கிற ரூம், தண்ணி டேங்குக்கு நேர் கீழ இருக்கிற ரூம், தரைக்கு அடியில இருக்கிற ரூம் எதுவும் ரெக்கார்டு ரூமுக்கு வேண்டாம். அலமாரி இரும்புல, கடைசி தட்டு தரையிலருந்து 15 சென்டிமீட்டராவது மேல, சுவத்தை ஒட்டாம. மரம்னா கரையானுக்கு வழி போட்டுக் கொடுத்த மாதிரி.

கட்டைப் பிரிக்கும்போது ரப்பர் பேண்டை எடுத்துடுங்க, அது உருகி தாள்ல ஒட்டிக்கும். துருப்பிடிச்ச குண்டூசி, கிளிப்பை மெதுவா எடுத்துட்டு பருத்தி நாடாவால கட்டுங்க. கிழிஞ்ச இடத்துல செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீங்க, சில வருஷத்துல டேப் உதிர்ந்து பசை மட்டும் மஞ்சளா நிக்கும், எழுத்தையும் தின்னுடும். டிகிரி ரிஜிஸ்டரை பத்திரப்படுத்துறோம்னு பிளாஸ்டிக் லேமினேஷன் பண்றாங்க, அதை மறுபடி பிரிக்க முடியாது, தயவு செஞ்சு பண்ணாதீங்க. மரக்கூழ் பேப்பர் அமிலத்தால தானாவே பழுப்பாகி நொறுங்கும், அதனால புதுசா அடிக்கிற நிரந்தர ரிஜிஸ்டருக்கு அமிலம் இல்லாத தாள் கேளுங்க, ஐஎஸ்ஓ 9706 அதுக்கான தரம். பழைய ஃபேக்ஸ், பில் மெஷின் ரசீது மாதிரி வெப்பத்தாள் இருந்தா இன்னைக்கே ஒரு ஜெராக்ஸ் போட்டுடுங்க, அந்த எழுத்து அதுவாவே மறையும்.

பூச்சிக்கு அந்துருண்டை போட்டு மூடி வைக்கிற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, அந்தப் புகையில தினமும் உக்காந்து வேலை பாக்குற ரெக்கார்டு கிளார்க்கோட உடம்புக்கு அது நல்லதில்லை, பூச்சியையும் முழுசா நிறுத்தாது. தாளைத் தின்னுற ராமபாணப் பூச்சி வந்த கட்டுன்னா பிளாஸ்டிக் பையில காத்து வெளியேத்தி ஒட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, வெளிய எடுத்ததும் பையைத் திறக்காம ரூம் சூட்டுக்கு வர விட்டு அப்புறம் திறங்க, இல்லன்னா தாள் மேல தண்ணி வேர்க்கும். தோல் பைண்டிங், போட்டோ ஒட்டுனதுன்னா ஃப்ரீசர்ல வைக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.

ஸ்கேன் பண்ணும்போது

இப்பத்தான் ஸ்கேனருக்கு வர்றோம். ரிசல்ட் ரிஜிஸ்டர்ல ஒரு பக்கத்தைத் திறந்து வச்சுப் பாருங்க. கருப்பு மையில மார்க், ஒரு இடத்துல 34ஐ அடிச்சு மேல சிவப்பு மையில 41ன்னு எழுதி, பக்கத்துல ஒரு சின்ன இனிஷியல், ஓரத்துல மறுமதிப்பீட்டு ஆர்டரோட நம்பரும் தேதியும். இதை செலவு குறைக்கணும்னு கருப்பு வெள்ளையில ஸ்கேன் பண்ணிட்டா சிவப்பும் கருப்பும் ஒண்ணாயிடும், அடிச்ச கோட்டுக்குக் கீழ இருந்த 34 தெரியாது, இனிஷியல் ஒரு கரும்புள்ளியாயிடும். யார் பாத்தாலும் இது திருட்டுத்தனமா திருத்துனதுன்னுதான் நினைப்பாங்க. ஒழுங்கா ஆர்டர் போட்டு, ஒழுங்கா கையெழுத்து வச்சு, ஒரு பையனுக்கு நியாயமா கிடைச்ச 7 மார்க், நாம மலிவா ஸ்கேன் பண்ணதால சந்தேகத்துக்கு ஆளாகுது. அதனால ரிஜிஸ்டர் எல்லாம் கலர்லதான், குறைஞ்சது 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிங்கிற கணக்கு), எழுத்து பொடியா இருந்தா 400. ஏ4 தாள் ஒண்ணு 300 டிபிஐ கலர்ல சுருக்காத டிஃப் (TIFF, ஒரு பட ஃபைல் வகை) ஃபைலா சுமார் 26 எம்பி வரும், 600 போனா 100 எம்பியைத் தாண்டும், அதை வச்சு ஹார்ட் டிஸ்க் கணக்கைப் போட்டுக்கோங்க.

பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, வெறும் தாளா தெரிஞ்சாலும். "நகல் வழங்கப்பட்டது"ன்னு சீல் அங்கதான் குத்தியிருப்பாங்க. மை இல்லாம அழுத்துற சீல் இருந்தா ஸ்கேனர் வெளிச்சத்துல தெரியாது, பக்கவாட்டுல லைட் அடிச்சு கேமராவுல ஒரு படம் எடுத்து சேத்துடுங்க. பைண்டிங் இறுகுன ரிஜிஸ்டரை கண்ணாடிமேல கவுத்து அமுக்காதீங்க, முதுகு உடைஞ்சுடும், மேலருந்து படம் எடுக்கிற ஸ்கேனர்தான் அதுக்கு. தாளைத் தானா உள்ள இழுக்கிற ஷீட் ஃபீடர்ல பழைய தாளை விடவே விடாதீங்க. ஸ்கேன் முடிஞ்சதும் பக்க எண்ணிக்கையை ரிஜிஸ்டரோட ஒப்பிட்டு ரெண்டாவது ஆள் ஒருத்தர் பாத்து கையெழுத்துப் போடணும், ஸ்கேன் பண்ணவரே சரி பாக்குறது சரி பாக்குறதே இல்லை. முக்கியமா, ஸ்கேன் ஆயிடுச்சேன்னு நிரந்தர ரெக்கார்டோட அசலைத் தூக்கிப் போடாதீங்க.

ஃபைல் பேர் "ஸ்கேன்0001"ன்னு இருந்தா அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. காலேஜ் கோடு, வரிசைக் குறியீடு, வருஷம், வால்யூம், பக்கம், இந்த ஒழுங்குல எல்லாக் காலேஜும் ஒரே மாதிரி வைக்கணும். அசல் டிஃப் ஒரு இடத்துல, தினமும் பாக்குறதுக்கு பிடிஎஃப் தனியா. நீண்ட நாள் வைக்க பிடிஎஃப்-ஏன்னு ஒரு வகை இருக்கு, 2005ல ஐஎஸ்ஓ 19005ன்னு தரநிலையா வந்தது, எழுத்துரு உள்ளயே இருக்கும், பாஸ்வேர்டு பூட்டு அனுமதி இல்லை, அதனால பல வருஷம் கழிச்சும் அதே மாதிரி திறக்கும். உங்க ஃபைல் உண்மையிலயே அந்தத் தரத்துல இருக்கான்னு வெராபிடிஎஃப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல சோதிக்கலாம்.

கம்ப்யூட்டர்லயே பிறந்த ரெக்கார்டு

பேப்பருக்காவது கேக்காமலே பல வருஷம் ஆயுசு இருக்கு, இதுக்கு அதுவும் இல்லை. எக்ஸாம் சாஃப்ட்வேரை வெளி கம்பெனிகிட்ட கொடுத்திருப்பாங்க, ஒப்பந்தம் முடியும், புது கம்பெனி வரும், பழைய டேட்டாவை ஒரு ஹார்ட் டிஸ்க்குல போட்டுக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. திறந்து பாத்தா "ரிசல்ட் கோடு 3, ஸ்டேட்டஸ் 7"ன்னு இருக்கும். 3ன்னா பாஸா, நிறுத்தி வச்சதா, 7ன்னா பரீட்சைக்கு வரலையா, டிபார் பண்ணதா, சொல்றதுக்கு யாருமில்லை. அதனால ஒப்பந்தம் போடும்போதே எழுதுங்க: ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் முழு டேட்டாவையும் சிஎஸ்வி மாதிரி எதுலயும் திறக்கிற வடிவத்துல கொடுக்கணும், அதோட எந்தக் கட்டத்துல என்ன இருக்கு, எந்தக் கோடுக்கு என்ன அர்த்தம்னு விளக்கப் பட்டியலும் கொடுக்கணும், அந்த வருஷம் பாஸ் மார்க் எவ்வளவு, கிரேடு எப்படி கணக்குப் போட்டாங்கங்கிற விதியையும் சேத்துக் கொடுக்கணும். கூடவே இறுதி ரிசல்ட்டை பிடிஎஃப்-ஏவா எடுத்து, அமிலமில்லாத தாள்ல ஒரு பிரிண்ட்டும் போட்டு கையெழுத்தோட பைண்டு பண்ணி வைக்கிறது பழைய பழக்கம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது நல்ல பழக்கம்.

ஈமெயில்லயும் வாட்ஸ்அப் குரூப்லயும் முடிவு எடுக்கிறது இப்ப எல்லா ஆபீஸ்லயும் நடக்குது. பிரின்சிபால் "சரி, பண்ணுங்க"ன்னு குரூப்ல போட்டது ஒரு ஆணை, அது அவர் போன் மாத்துன அன்னைக்கு போயிடும். யார் அந்த வேலையைச் செய்யறாங்களோ அவங்க அந்த வாரத்துக்குள்ள அதை ஃபைல்ல ஒரு நோட்டா எழுதி கையெழுத்து வாங்கிடணும்னு ஒரு ஆபீஸ் ஆர்டர் போடுங்க. ஆபீஸ் மெயில் ஐடி பதவிக்கு இருக்கட்டும், ஆள் பேருக்கு வேண்டாம்.

டிஜிட்டல் ரெக்கார்டுக்கு மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகை ஸ்டோரேஜ், ஒண்ணு வேற கட்டடத்துல, முடிஞ்சா வேற ஊர்ல. ஒரு காலேஜும் இன்னொரு காலேஜும் ஒருத்தருக்கொருத்தர் காப்பி வச்சுக்கிறது செலவில்லாத நல்ல ஏற்பாடு. சிடியையும் பென் டிரைவையும் நம்பாதீங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 மாதிரி ஒரு செக்சம், அதாவது ஃபைல்ல இருக்கிறதை வச்சு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தர்ற அடையாள நம்பர், எடுத்து லிஸ்ட்டா வச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி ஓட்டிப் பாருங்க, ஃபைல்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நம்பர் வேற வரும். காலேஜ்லருந்து யுனிவர்சிட்டிக்கு அனுப்பும்போது பேக்இட்ங்கிற முறையில கட்டி அனுப்புங்க, ஃபைலும் செக்சம் லிஸ்ட்டும் ஒண்ணாவே போகும், வழியில எதாவது விட்டுப்போனா அங்கயே தெரிஞ்சுடும். கேட்டலாக் போட ஆக்சஸ் டு மெமரிங்கிற சாஃப்ட்வேர், டிஜிட்டல் காப்பகத்துக்கு ஆர்க்கிவ்மேட்டிகா, ரெண்டுமே இலவசம், ஆனா பாத்துக்க ஒரு ஆள் வேணும். ஆள் இல்லைன்னா ஒழுங்கான ஒரு எக்செல் ஷீட்டே போதும், அதை நான் குறையா நினைக்க மாட்டேன்.

தேடி எடுக்கிறதும் திருப்பி வைக்கிறதும்

30 வருஷம் முன்னாடி படிச்ச ஒருத்தங்க வந்து டிரான்ஸ்கிரிப்ட் கேக்குறாங்கன்னு வைங்க. ரிஜிஸ்டர் நம்பர் ஞாபகம் இல்லை, கல்யாணத்துக்கு அப்புறம் பேர் மாறியிருக்கு, அப்ப இனிஷியல் முன்னாடி இருந்துச்சு இப்ப பின்னாடி, ஸ்பெல்லிங்கும் வேற. பேரை வச்சு மட்டும் தேடுற இண்டெக்ஸ்ல இவங்க கிடைக்க மாட்டாங்க. அதனால இண்டெக்ஸ்ல ரிஜிஸ்டர்ல இருக்கிறபடியே பேர், பிறந்த தேதி, காலேஜ், கோர்ஸ், சேர்ந்த வருஷம், முடிச்ச வருஷம் எல்லாம் வேணும். வருஷமும் காலேஜும் கோர்ஸும் தெரிஞ்சா அந்த கிளாஸ் லிஸ்ட்டுல 40 பேர்தான் இருப்பாங்க, பிறந்த தேதியை வச்சு ஆளைப் பிடிச்சுடலாம். ரிஜிஸ்டர்ல தப்பா எழுதியிருந்தா இண்டெக்ஸ்ல திருத்தாதீங்க, இருக்கிறபடி எழுதிட்டு பக்கத்துல குறிப்பு போடுங்க.

ரெக்கார்டு ரூம்லருந்து ஃபைல் வெளிய போச்சுன்னா அது இருந்த இடத்துல ஒரு அட்டை வைங்க, யார் எடுத்தாங்க, எப்ப, எதுக்குன்னு. மாசா மாசம் அந்த அட்டைகளைப் பாத்து திரும்பி வராததைக் கேளுங்க, ரெக்டார் ரூம்ல இருந்தாலும் கேளுங்க. ஒழுங்கு நடவடிக்கை ஃபைல், மெடிக்கல் சர்டிஃபிகேட், சாதி மத வருமான விவரம் இருக்கிறது இதெல்லாம் யார் பாக்கலாம், எத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஆராய்ச்சிக்குத் திறக்கலாம்னு எழுதி வைங்க. ஒருத்தரோட 19 வயசுல நடந்த விசாரணை அவங்க வாழ்நாள் முழுக்க யார் கையிலயும் சுத்தக் கூடாது.

தண்ணி புகுந்துட்டா

முதல் 48 மணி நேரத்துலதான் எல்லாம் இருக்கு, அதுக்கப்புறம் பூஞ்சை ஆரம்பிச்சுடும். முதல்ல கரண்ட்டை நிறுத்துனாங்களான்னு பாருங்க. நனைஞ்ச ரிஜிஸ்டரைத் திறக்காதீங்க, துடைக்காதீங்க, சேறு ஒட்டியிருந்தா மூடுனபடியே மெதுவா சுத்தமான தண்ணியில அலசலாம், மை கரையுற மாதிரி இருந்தா அதுவும் வேண்டாம். லேசா நனைஞ்சதை விரிச்சு நிறுத்தி ஃபேன் போடுங்க, நடுநடுவுல உறிஞ்சுற வெள்ளைத் தாள் வச்சு மாத்திக்கிட்டே இருங்க. வெயில்ல காய வைக்காதீங்க, தாள் சுருண்டு மை வெளுத்துடும். நியூஸ் பேப்பர் வைக்காதீங்க, அதோட மை இறங்கும். பளபளப்புத் தாளும் போட்டோவும் காஞ்சா ஒண்ணோட ஒண்ணு கல்லா ஒட்டிக்கும், அதை ஈரமா இருக்கும்போதே பிரிக்கணும். ஒரே நேரத்துல காய வைக்க முடியாத அளவு இருந்தா பையில போட்டு ஃப்ரீசருக்கு அனுப்புங்க, உறைஞ்சுட்டா நேரம் நின்னுடும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து காய வைக்கலாம். எந்த ஃப்ரீசர், யாருக்கு போன் பண்றது, முதல்ல எந்த அலமாரியைத் தூக்கணும்னு ஒரு தாள்ல எழுதி கதவுக்கு வெளிய ஒட்டுங்க. உள்ள ஒட்டுனா அதுவும் நனையும்.

காலேஜை மூடுறாங்க, இல்ல இன்னொண்ணோட சேக்குறாங்கன்னா

எல்லாத்தையும் விட ஆபத்தான நேரம் இதுதான். ஆள் எல்லாம் வேற வேலை தேடிப் போய்க்கிட்டு இருப்பாங்க, கட்டடத்தை ஒப்படைக்க தேதி குறிச்சிருப்பாங்க, ஃபைலைப் பத்தி கேக்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. இணைப்பு அனுமதி கொடுக்கும்போதே "மூடினால் ரெக்கார்டு யுனிவர்சிட்டிக்கு வரணும்"னு நிபந்தனை போட்டு வச்சிருந்தா பேச்சே இல்லை, போடாத யுனிவர்சிட்டி அடுத்த புதுப்பித்தல்லயே போட்டுக்கணும். மூடுற செய்தி வந்த வாரமே யுனிவர்சிட்டியிலருந்து ரெண்டு பேர் நேர்ல போகணும். முதல்ல எடுக்க வேண்டியது அட்மிஷன் ரிஜிஸ்டர், டிசி புத்தகத்தோட அடிக்கட்டை, இன்டர்னல் மார்க், அப்புறம் ஸ்டூடண்ட்ஸ் கொடுத்துட்டு திருப்பி வாங்காம போன அசல் சர்டிஃபிகேட். அந்த சர்டிஃபிகேட்டை யுனிவர்சிட்டிக்குக் கொண்டு வந்து பூட்டி வைக்கிறதோட நிறுத்தாம, ஒவ்வொருத்தர் வீட்டு விலாசத்துக்கும் லெட்டர் போட்டு வாங்கிக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் சர்வீஸ் ரிஜிஸ்டர், பிஎஃப் கணக்கு, கவுன்சில் மினிட்ஸ், நிலப் பத்திரம், ஆண்டு மலர், போட்டோ. கம்ப்யூட்டர்களை ஏலம் விடுறதுக்கு முன்னாடி ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வாங்கிக்கோங்க, பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆள் அங்க இருக்கும்போதே திறந்து பாத்துடுங்க. வாங்குன ஒவ்வொரு கட்டுக்கும் ரெண்டு காப்பி லிஸ்ட், ரெண்டு பக்கமும் கையெழுத்து. இனிமே அந்தக் காலேஜ் பசங்க எங்க வந்து கேக்கணும்னு யுனிவர்சிட்டி வெப்சைட்ல போடுங்க, அந்தக் கட்டட வாசல்லயும் விலாசத்தோட ஒரு போர்டு வைங்க.